ரம்பம் வந்த வழி: பிரசவ அறையிலிருந்து கித்தாத் தோட்டம் வரை

கோலாலம்பூரில் மாலை மழையோடு காற்றும் சேர்ந்து அடித்தால், சற்று நேரத்தில் எங்கிருந்தாவது செயின்சா சத்தம் கேட்கும். 2024 மே மாதத்தில் மஸ்ஜித் இந்தியாவுக்கு அதிக தூரமில்லாத ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு முதிய மரம் சாய்ந்தது. ஒருவர் இறந்தார், கார்கள் நசுங்கின, மோனோரயில் நின்றது. அன்றும் முதலில் கைக்கு வந்த கருவி அதுதான். இந்த நகரில் அதன் சத்தம் தெரியாதவர் இல்லை. ஆனால் அதன் பூர்வீகம் காட்டில் இல்லை, ஸ்காட்லாந்தின் பிரசவ அறையில் இருக்கிறது.

1780-களில் எடின்பரோவில் ஜான் எய்ட்கன், கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஜெஃப்ரே என்று இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். குழந்தை வெளிவர வழியில்லாமல் தவிக்கும் தாயின் இடுப்பெலும்பை முன்பக்கம் பிரித்துவிடும் அறுவை அப்போதுதான் ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. கத்தியால் அதைச் செய்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்தோ 1846-க்குப் பிறகுதான் வரப்போகிறது. வேகமாக அறுக்க வேண்டும், சுற்றியுள்ள சதையைக் கிழிக்கவும் கூடாது. கடிகாரத்துக்குள் இருக்கும் சங்கிலியின் சாயலில் இவர்கள் ஒரு தீர்வு கண்டார்கள்: மெல்லிய இரும்புச் சங்கிலி, ஒரு பக்கம் பற்கள், இரண்டு முனையிலும் கைப்பிடி. எலும்புக்குப் பின்னால் அதைக் கோத்து, இரு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால் எலும்பு அறுபடும். எய்ட்கன் 1785-இல் தம் பேறுகால மருத்துவ நூலில் அதன் படத்தை வெளியிட்டார். யார் முதலில் கண்டுபிடித்தது என்ற வழக்கம்போலான சச்சரவும் பின்னாலேயே வந்தது. 1894-இல் இத்தாலிய மருத்துவர் லியோனார்டோ ஜிக்லி முறுக்குக் கம்பியாலேயே ரம்பம் செய்த பிறகு, சங்கிலிக்கு இந்த வேலையில் மவுசு குறைந்தது. ஜிக்லியின் கம்பியை அறுவை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இடையில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர் 1830-இல் அந்தச் சங்கிலியின் இரு முனையையும் சேர்த்து வளையமாக்கினார். ஒரு தகட்டின் விளிம்பைச் சுற்றி அதை ஓடவிட்டு, ஓட்டுவதற்குக் கைச்சுழலி ஒன்றையும் வைத்தார். எலும்பு வெட்டும் கருவிதான் அது. ஆனால் இன்றைய செயின்சாவின் தகடும் சுற்றும் சங்கிலியும் அதில் அப்படியே இருக்கின்றன. இஞ்சின் மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கி அடைபட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கலிபோர்னியாவின் ராட்சச ரெட்வுட் மரங்களை வெட்டுவதற்காக சாமுவேல் பென்ஸ் 1905-இல் முடிவில்லாச் சங்கிலி ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1926-இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்ற ஜெர்மானியர் மின்சாரத்தில் ஓடும் ரம்பம் செய்தார். 64 கிலோ எடை. தூக்க இரண்டு பேர் வேண்டும். அடுத்த ஆண்டே எமில் லெர்ப் பெட்ரோல் ரம்பம் ஒன்றைத் துரிங்கியா மாநிலத்தின் டால்மர் மலையில் ஓட்டிப் பார்த்தார். மலையின் பெயரையே நிறுவனத்துக்கும் வைத்தார்.

பிறகு வந்தது இரண்டாம் உலகப்போர். ஜெர்மன் இயந்திரங்களும் உதிரிபாகங்களும் கடல் தாண்டி வரவில்லை. கனடாவின் வான்கூவரிலும் அமெரிக்காவிலும் மரம் வெட்டும் வேலையோ நிற்கவில்லை. கையிலிருந்த ஜெர்மன் ரம்பத்தைப் பிரித்துப் பார்த்து அதேபோல் செய்யத் தொடங்கினார்கள். எதிரி நாட்டுக் காப்புரிமைக்குப் போர்க்காலத்தில் யார் கூலி கொடுப்பது? செயின்சா தொழில் வட அமெரிக்காவில் வேரூன்றியதில் இந்த நகலெடுப்புக்குப் பெரிய பங்குண்டு.

சங்கிலியின் பற்களில் மட்டும் கோளாறு தீரவில்லை. கைரம்பத்தின் பல் மாதிரியே செய்திருந்ததால் சீக்கிரம் மழுங்கியது, அடிக்கடி அரம் போட வேண்டியிருந்தது. 1946-இல் ஓரிகன் மாநிலத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ், ஒரு மரத்தண்டை இஷ்டம்போல் துளைத்துப் போகும் வண்டுப் புழுவைக் கவனித்தார். ஆள்காட்டி விரல் பருமன் இருக்கும் அந்தப் புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுரண்டின. நாரின் குறுக்கே போனாலும் நெடுக்கே போனாலும் அதற்குக் கவலையில்லை. வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து அந்தத் தாடையை எஃகில் வடித்து, 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய செயின்சாக்களில் ஏறக்குறைய எல்லாவற்றின் பல்லும் அந்தப் புழுவின் வம்சம்.

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த திருப்பம் இதற்கு இரண்டாண்டு முன்பு, கிழக்கு டெக்சஸில் நடந்தது. 1944-இல் கிளாட் பூலன் என்ற மரக் குத்தகைக்காரர் ஜெர்மன் போர்க்கைதிகளை வைத்துக் காகிதக் கூழுக்கான மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அன்றைய செயின்சாவுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் இஞ்சினைப் பிடிப்பார், மற்றவர் தகட்டின் நுனியைப் பிடிப்பார். பூலன் ஒரு பழைய லாரியின் மட்கார்டை எடுத்து வில்லாக வளைத்தார். அந்த வில்லைச் சுற்றிச் சங்கிலியை ஓடவிட்டார். ஒரே ஆள் பிடித்து அறுக்கலாம். ஜெர்மனியில் வளர்ந்த கருவி, ஜெர்மன் கைதிகளின் உழைப்பு, அமெரிக்க லாரியின் தகரம் மூன்றும் சேர்ந்து பிறந்தது வில் பார் என்னும் வளைந்த தகடு. போர் முடிந்ததும் 1946-இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் அவர் பெயரிலேயே ரம்பக் கம்பெனி எழுந்தது.

வளைவால் என்ன லாபம் என்பது விறகு அறுத்தவருக்குத் தெரியும். தரையில் கிடக்கும் மரத்தை நேர்ப் பாரால் மேலிருந்து அறுத்தால், பாதி இறங்கியதும் மரத்தின் எடையாலேயே வெட்டு இறுகித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஆப்பு அடி, கோடாலி எடு, ரம்பத்தைப் பிடுங்கு என்று ஒரு மணி நேரம் போகும். வில்லின் நடுப்பகுதி வெற்றிடம்; கவ்விக்கொள்ள அங்கே இரும்பு குறைவு. நீளமான வில்லாக இருந்தால் அதிகம் குனியவும் வேண்டாம். நின்றபடியே மேலிருந்து அழுத்தினால் கட்டை துண்டாகும், அடியிலுள்ள புதர்ச் செடியும் தரையோடு போகும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கூழ்மரத்தை 63 அங்குலத் துண்டுகளாக நறுக்குவது வழக்கம். நாள் முழுக்க நறுக்குகிற அந்த வேலைக்கு வில் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆபத்தும் அந்த வளைவிலேயே இருந்தது. நேர்ப் பாரில் துள்ளலுக்குப் பேர்போன இடம் நுனிமேல் ஒரு சின்ன மூலை மட்டும். வில்லிலோ சங்கிலி சுற்றளவு முழுக்கத் திறந்து ஓடுகிறது. எதிர்பாராத கிளையில் பட்டால் முழு இயந்திரமும் ஆளை நோக்கித் திரும்பும். மேலே காப்புத் தகடு, அடியில் கட்டையில் ஊன்ற ஒரு முள் என்று வைத்துப் பார்த்தார்கள். காப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்யும் மனிதரை எந்தப் பொறியாளராலும் மாற்ற முடியவில்லை. காயம்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வில்லைக் கைவிட்டன. கருவியின் குறை எவ்வளவு, பழக்கத்தின் குறை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். என் வாக்கு பழக்கத்தின் பக்கம்தான் கொஞ்சம் சாயும்.

இனி கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம். இங்கே விறகுக்கு ரம்பம் வருவதற்கு வெகு முன்பே விறகின் தேவை வந்துவிட்டது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்த பின், செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தினார். பிரிக்ஃபீல்ட்ஸின் சூளைகள் எரியத் தொடங்கின. சூளை என்றால் விறகு.

அந்த நேரத்தில் விறகாகப்போகும் மரமும் கப்பலேறி வந்துவிட்டிருந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 கித்தா (ரப்பர்) விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அடுத்த நாற்பது ஆண்டுகளில் காஜாங், காப்பார், கிள்ளான் பக்கமெல்லாம் கித்தாத் தோட்டமாயின. கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறி, விடியுமுன் பால் வெட்டப் போனார்கள்.

கித்தா மரத்துக்குப் பயன்காலம் 25 முதல் 30 ஆண்டுகள். பிறகு பால் வற்றும்; மறுநடவுக்காக வெட்ட வேண்டும். 1952-இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்ததும் இந்த வேலை பெருகியது. சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சைத் தடவி மரத்தை நின்றபடியே சாகடிப்பதும் அக்கால வழக்கம். செயின்சா பரவியபோது வேலை வேகமானது. வெட்டிய மரம் எங்கே போயிற்று? பெரும்பகுதி தோட்டத்தின் புகைக்கூடத்துக்கு. தன் பாலில் செய்த ஷீட்டைத் தன் கட்டையாலேயே புகைபோட்டு உலர்த்திக் கொடுத்த மரம் இது! மிச்சம் செங்கல் சூளைக்குப் போயிற்று.

இன்னொரு வாடிக்கையாளர் யாரும் எதிர்பார்க்காதவர். பினாங்குக்கு எதிரே பிறையில் ஜப்பானியக் கூட்டுறவோடு எழுந்த மலாயாவத்தா எஃகு ஆலை 1967-இல் உற்பத்தி தொடங்கியது. அதன் ஊதுலைக்குக் கரி வேண்டும், நிலக்கரி கட்டுப்படியாகவில்லை. கித்தா மரத்தைச் சுட்டுக் கரியாக்கி இரும்பு உருக்கினார்கள். எத்தனையோ கட்டடங்களின் கம்பிக்குள் தோட்டத்து மரத்தின் சூடு போயிருக்கிறது.

விறகு என்ற பட்டம் பின்னர்தான் கழன்றது. மாவுச்சத்து மிகுந்த கட்டை என்பதால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும், மிச்சமிருக்கும் பால் ரம்பத்தில் பிசினாக ஒட்டும். கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தாரும் மற்றவர்களும் போரான் உப்பை அழுத்தத்தில் ஏற்றிப் பாதுகாக்கும் முறையைப் பழக்கப்படுத்திய பிறகு, கித்தா மரம் மேசை நாற்காலியாக ஏற்றுமதியாயிற்று. மூவார் தொழிற்சாலைகள் அதில் வளர்ந்தன. வெட்டிய கையோடு ஆலைக்குப் போக வேண்டிய மரம் ஆனதால், குத்தகைக்காரருக்கு ரம்பத்தின் வேகம் முன்னைவிட அவசியமாயிற்று.

ஆனால் அதே வேகம் காட்டுத் திருடர்களுக்கும் உதவியது. செயின்சாவை இறக்குமதி செய்யவும் வைத்திருக்கவும் அனுமதி கேட்கும் தனிச் சட்டத்தை மலேசியா 2016-இல் இயற்றியது. இதற்கிடையே ரம்பம் செய்பவர்களும் மாறிவிட்டார்கள். டால்மர் மலைக் கம்பெனியை ஜப்பானின் மகீட்டா 1991-இலேயே வாங்கிவிட்டது. சந்தையில் மலிவான சீன நகல்கள் குவிந்திருக்கின்றன. போர்க்காலத்தில் நகலெடுக்கப்பட்ட அதே ஸ்டீல் நிறுவனமோ 2006 முதல் சீனாவின் சிங்டாவ் நகரில் தானே ஆலை வைத்து ரம்பம் செய்கிறது.