திருப்பூர்த் தொழிலும் வங்கிக் கடனும்

திருப்பூரின் பெருமையை உரைப்போர் பருத்தியைப் பற்றிப் பேசுவர். பனியனைப் பற்றிப் பேசுவர். உழைப்பைப் பற்றியும் பேசுவர். ஆனால் அத்தொழிலை இயக்கிய பணம் எவரிடமிருந்து எவர் கைக்குச் சென்றது என்று கேட்போர் சிலரே. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கற்றுத் தேர்ந்து வெளிவரும் நம் இளைஞர்கள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.

கடன் இருவகைப்படும். ஒன்று மனிதனைக் கட்டிப்போடுவது. மற்றொன்று அவனை எழுந்து நிற்கச் செய்வது. கொங்கு நாட்டில் நம் முன்னோர் பெரும்பாலும் அறிந்தது முதல் வகையையே. நோய்க்கோ திருமணத்திற்கோ நிலவுடைமையாளரிடம் பெற்ற சிறுதொகை, பண்ணையாளாகப் பல்லாண்டு உழைத்தும் தீரவில்லை. பின்னாளில் விசைத்தறிக் கூடங்களில் ‘முன்பணம்’ என்னும் பெயரில் அதே கட்டு தொடர்ந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கட்டுகளைச் செல்லாதவை ஆக்கியது. எனினும், சட்டம் அறுத்த கயிற்றை வறுமை மீண்டும் முடிச்சிடுவதை நாம் கண்டே வந்திருக்கிறோம்.

இரண்டாம் வகைக் கடனே தொழிலுக்கு ‘முதல்’ ஆவது. 1920களில் திருப்பூரில் பின்னல் தொழில் முளைவிட்டபோது, பருத்திச் சந்தை அங்கே இருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் எங்கிருந்து வந்தது? வணிகரின் கைப்பொருளிலிருந்தும், தோட்டத்து வருவாயிலிருந்தும், உறவினரின் கைமாற்றிலிருந்தும், சீட்டுப் பணத்திலிருந்தும் வந்தது. வங்கி அந்நாளில் சிற்றூர்களை எட்டிப் பார்க்கவில்லை. ரிசர்வ் வங்கி 1951-52இல் நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, உழவர் பெற்ற நூறு ரூபாய்க் கடனில் வணிக வங்கிகள் கொடுத்தது ஒரு ரூபாய்கூட இல்லை. நிலமும் உறவும் உடையோர் அவற்றைக் கொண்டு முதல் திரட்டினர். இரண்டும் இல்லாத நம்மவர் கூலி திரட்டினர்.

இந்நிலையை மாற்ற அரசு முனைந்தது. 1955இல் பாரத ஸ்டேட் வங்கி அமைந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளும், 1980இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. வேளாண்மையும் சிறுதொழிலும் முன்னுரிமைத் துறைகள் ஆயின. 1985க்குள் வங்கிக் கடனில் 40 விழுக்காடு அத்துறைகளுக்குச் செல்ல வேண்டுமென விதிக்கப்பட்டது. 1972இல் நலிந்தோர்க்கு 4 விழுக்காடு வட்டிக் கடன் வந்தது. அதில் 40 விழுக்காடு பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் உரியதாயிற்று. 1974இல் தாட்கோ பிறந்தது. வங்கியின் கதவு திறந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் எவ்வளவு திறந்தது? அந்த 4 விழுக்காட்டுக் கடனின் உச்சவரம்பு, 2007இல் உயர்த்தப்பட்ட பின்னும், 15,000 ரூபாயே. அத்தொகைக்குத் தையல் இயந்திரம் வாங்கலாம்; பின்னல் இயந்திரத்தின் அருகே நெருங்கவும் இயலாது.

1970களின் பிற்பகுதியிலிருந்து ஏற்றுமதி பெருகப் பெருக, முதலின் தேவையும் பெருகியது. நூல் வாங்கி, பின்னி, சலவை செய்து, சாயமேற்றி, வெட்டி, தைத்து, செக்கிங் முடித்துக் கப்பலேற்றிப் பணம் வருவதற்குள் மாதங்கள் கழியும். அவ்விடைவெளியை நிரப்பவே வங்கிகள் வெளிநாட்டு ஆர்டரின் பேரில் ‘பேக்கிங் கிரெடிட்’ கொடுத்தன. ஆர்டர் பெற்றவர்க்கு அக்கடன். அவரிடம் பவர் டேபிளில் தைத்தவர்க்கு வாரக் கூலி. கையில் தொழில் இருந்தும் கணக்கு நம் பெயரில் இல்லாமற் போனது இவ்வாறே.

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூரை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உள்ளூர் வேளாண் சமூகத்தார் மிகுந்த முதலோடு தொழில் தொடங்கினர். வெளியார் குறைந்த முதலோடு தொடங்கியும் விரைந்து வளர்ந்தனர் என்று அவர்கள் கண்டனர். பணம் திறமையைத் தேடிச் செல்லவில்லை. உறவைத் தேடிச் சென்றது என்பதே இதன் பொருள். அவ்வெளியார்க்கே இந்நிலை என்றால், நிலமும் வணிக உறவும் அற்ற நம்மவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

வங்கி பொதுமக்களின் வைப்புப் பணத்தைக் கையாள்வது. திரும்பி வருமா என்று அது கேட்பது முறையே. ஆனால் அக்கேள்விக்கு விடையாக அது சொத்துப் பத்திரத்தையும் சொத்துள்ள ஜாமீன்தாரரையும் மட்டுமே ஏற்குமாயின், பழைய வரலாறே புதிய கடனையும் தீர்மானிக்கிறது. இதனை உணர்ந்தே 2000ஆம் ஆண்டில் சிறுதொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதி நிறுவப்பட்டது. 10 இலட்சம் ரூபாய் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கலாகாது என்று 2010இல் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினர் ஒருவர்க்கேனும், பெண் ஒருவர்க்கேனும் 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் வழங்க 2016இல் ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ திட்டம் வழிவகுத்தது.

திட்டங்கள் வரும், போகும். அவற்றை அறிந்து கேட்பவனுக்கே அவை பயன்படும். ஆகவே இளைஞர்களே, கூலி வாங்கும் நாளிலேயே உங்கள் பெயரில் வங்கிக் கணக்கை ஒழுங்காக நடத்துங்கள். வரவு செலவை எழுதி வையுங்கள். தொழில் தொடங்குவோர் உத்யம் பதிவும் வரிக் கணக்கும் சரியாக வைத்திருங்கள். மேலாளர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது பணிவின்மை அன்று, உரிமை.

படிப்பு மட்டுமே முதலைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் ஆசை காட்டமாட்டோம். நிலம் கொடுத்த பலத்தைச் சான்றிதழ் உடனே கொடுத்துவிடாது. ஆயினும் விண்ணப்பம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், சட்டத்தைச் சுட்டிக்காட்டவும் தெரிந்த பத்துப் பேர் ஓர் ஊரில் இருப்பின், பதினோராவது ஆள் வங்கி வாசலில் தனியே நிற்க வேண்டியதில்லை. கல்விச் சங்கங்கள் மாணவரைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வது போல, தொழில் முனைவோரை வங்கிக்கு ஆயத்தம் செய்வதும் கல்விப் பணியே ஆகும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் அப்பணியை மேற்கொள்ளுமாக!