பூட்டிய அறையை அமைத்தவர் யார்? கொலைப்புதிர்த் திரைப்படங்களின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

புதிருக்கு உரிய விடை கூறாவிடில் உயிர் போகும் என்னும் கதைக்கூறு தமிழ் பயின்றோர்க்குப் புதியதன்று. வில்லிபாரதத்தின் நச்சுப்பொய்கைச் சருக்கத்தைக் கற்பித்தவர்களும் வேதாளக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களும் அதனை நன்கு அறிவர். எனினும் அக்கதைகளில் வினவுவது யார் என்பது மறைந்தே கிடப்பதில்லை. பொய்கைக் கரையில் வினவியது அறக்கடவுளே எனத் தெளிவாகும்போது மாண்டவர் மீள்கின்றனர். வினா கடுமையானது; ஆனால் வினவுபவருக்கு ஒரு நோக்கம் உண்டு.

இவ்விழையை மனத்திற்கொண்டு, அண்மைக் காலத் திரைப்பட வகை ஒன்றை இங்கு நோக்குவோம். ஒருவரையொருவர் அறியாத சிலர் பூட்டிய இடமொன்றில் சிக்குகின்றனர், புதிரை அவிழ்த்தால் வெளியேறலாம், தவறினால் இறப்பு. இவற்றைக் 'கொலைப்புதிர்ப் படங்கள்' எனக் குறிப்போம். வகுப்பறையில் இப்படங்கள் பற்றிய பேச்சு எழும்போது மாணவர்கள் பொறிகளையும் விதிகளையும் வியப்பூட்டும் நுணுக்கத்துடன் விவரிக்கின்றனர். அப்பொறிகளை அமைத்தவர் யார், ஏன் அமைத்தார் என்று கேட்டால் மட்டும் பேச்சு தடைப்படுகிறது. இவ்வகையின் வரலாற்றை அவ்வினாவின் வழியே காண்பது பயனுடையது என்பது நம் கருத்து.

தொடக்கக்காலப் படங்களில் விடை எளிது. ரிச்சர்டு கானெலின் 1924ஆம் ஆண்டுச் சிறுகதையைத் தழுவி 1932இல் வெளிவந்த 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' படத்தில், தீவில் வாழும் பிரபு ஒருவன் கப்பல் உடைந்து கரையேறியவர்களை வேட்டையாடுகிறான். அவனுக்கு முகமும் பெயரும் உண்டு. (இப்படத்தின் காட்டு அரங்குகளே 1933இல் வெளிவந்த 'கிங் காங்' படத்திற்கும் பயன்பட்டன. செலவைக் குறைக்கும் இவ்வழக்கத்தை மீண்டும் காண்போம்.) அகதா கிறிஸ்டி 1939இல் எழுதி, 'அண்ட் தென் தேர் வேர் நன்' என இன்று வழங்கும் நாவலில் அழைப்பைப் பெற்றுத் தீவுக்கு வரும் பதின்மரும் அந்நியர்கள். இசைத்தட்டிலிருந்து எழும் குரல் ஒவ்வொருவர் மீதும் ஒரு கொலைப்பழியைச் சுமத்துகிறது. அழைத்தவர் ஒரு நீதிபதி என்பது இறுதியில் புலனாகும். சட்டத்தின் பிடிக்கு எட்டாதவர்களைத் தண்டிப்பதே அவர் நோக்கம். ரெனே கிளேர் 1945இல் இதனைப் படமாக்கியபோது, இருவர் பிழைக்கும் நாடக வடிவத்தின் முடிவையே கைக்கொண்டார்.

இந்தியாவுக்கு வந்தபோது இக்கதையமைப்பு அடைந்த மாற்றம் சுவையானது. 1965ஆம் ஆண்டின் இந்திப் படமான 'கும்நாம்' பரிசுக் குலுக்கலில் வென்றவர்களை விமானத்தில் ஏற்றிச் சென்று ஆளரவமற்ற இடத்தில் விட்டுவிடுகிறது. எஸ். பாலசந்தர் இயக்கி 1970இல் வெளிவந்த 'நடு இரவில்' படமோ, கிறிஸ்டியின் சாயலைக் கொண்டிருப்பினும், அந்நியர்களின் இடத்தில் உறவினர்களை வைக்கிறது. செல்வர் ஒருவரின் மாளிகையில் கூடிய சுற்றத்தார் ஒவ்வொருவராக மடிகின்றனர். அந்நியர் கூட்டம் என்பது தமிழ்த் திரைக்கு அன்று நம்பத்தக்க அச்சமாகத் தோன்றவில்லை போலும். சொத்தும் சுற்றமும் சேர்ந்த வீடே அதற்குப் போதிய பொறியாயிற்று.

இவ்வகையின் திருப்புமுனை கனடாவில் நிகழ்ந்தது. வின்சென்சோ நடாலி இயக்கிய 'கியூப்' 1997ஆம் ஆண்டு டொரொண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சுமார் 3 இலட்சத்து 50 ஆயிரம் கனடிய டாலரில் உருவான படம் அது. பல்லாயிரம் கனசதுர அறைகள் கொண்ட சிறையைக் காட்டவேண்டிய படத்திற்குக் கட்டப்பட்டதோ 14 அடி அளவுள்ள ஓர் அறையே. சுவர்த் தகடுகளின் நிறத்தை மாற்றி மாற்றி அதனையே வெவ்வேறு அறைகளாகக் காட்டினர். நடிகர்களின் எடையைத் தாங்கி இயங்கக்கூடிய கதவு ஒன்றே இருந்தது. எங்குச் சென்றாலும் அதே அறை என்னும் திகிலைப் பணமின்மையே இயக்குநருக்கு ஈந்தது எனலாம்.

கதை மாந்தர்க்குச் சிறைச்சாலைகளின் பெயர்கள் இடப்பட்டுள்ளன. காவலர் குவென்டின், மருத்துவர் ஹாலவே, கணித மாணவி லெவன், அலுவலர் வொர்த் ஆகியோர் அவர்களுட் சிலர். அறைவாயில்களில் பொறிக்கப்பட்ட மூவிலக்க எண்களைக் கொண்டு எந்த அறையில் பொறி உள்ளதென லெவன் கணிக்கிறாள். முதலில் பகா எண்களே ஆபத்தின் அறிகுறி எனக் கருதுகிறாள். பின்னர் பகா எண்களின் அடுக்குகளே அவ்வறிகுறி எனத் தெரியவருகிறது. அதற்கான கணக்கு மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது எனப் படம் கூறுவதைக் கணித ஆசிரியர்கள் ஏற்கமாட்டார்கள். மூவிலக்க எண்ணைச் சோதிக்க 31 வரையுள்ள 11 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். சிறையின் ஒரு பக்கத்திற்கு 26 அறைகள் என்பதால் மொத்தம் 17,576 அறைகள் என்னும் கணக்கு மட்டும் பிழையற்றது.

ஆயினும் இப்படத்தின் உண்மையான புதிர் எண்களில் இல்லை. இதனைக் கட்டியது யார் என்பதில் கைதிகள் முரண்படுகின்றனர். இராணுவமும் ஆயுத வணிகமும் சேர்ந்த சதி என்கிறார் மருத்துவர். பணம் படைத்த பித்தன் ஒருவனின் கேளிக்கை என்பது காவலரின் ஊகம். அதுவரை வாய் திறவாத வொர்த், சிறையின் வெளி ஓட்டை வரைந்தவன் தானே என ஒப்புக்கொள்கிறான். யாருக்காக வரைந்தோம் என்பது அவனுக்குத் தெரியாது. கேட்டறியவும் அவன் முயலவில்லை. அவனைப்போலவே ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்து கூலி பெற்றுச் சென்றனர். முழுமையை அறிந்தவர் எவருமிலர். கட்டியாயிற்று; பயன்படுத்தாவிடில் அதன் வீண்மையை ஒப்புக்கொள்ள நேரும்; ஆகவே ஆட்கள் உள்ளே போடப்படுகின்றனர். பிரபுவும் நீதிபதியும் நின்ற இடம் இங்கு வெறுமையாக உள்ளது. இதற்கு முன் இவ்வகைப் படம் எதுவும் இவ்வளவு துணிவாக அதைக் கூறியதை நாம் அறியோம்.

அவ்வெறுமையைத் திரையுலகம் நெடுங்காலம் பொறுக்கவில்லை. 'கியூப்' வரிசையின் அடுத்த படங்களே அதை நிரப்பத் தொடங்கின. 2002ஆம் ஆண்டுப் படம் ஆயுத நிறுவனம் ஒன்றைக் காட்டியது. 2004ஆம் ஆண்டுப் படம் கண்காணிப்பு அறையையும் அதன் ஊழியர்களையும் காட்டியது. விடை கிடைத்தது, அச்சம் குறைந்தது. அதே 2004இல், சரவாக்கின் கூச்சிங் நகரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஜேம்ஸ் வான் இயக்கிய 'சா' வெளிவந்தது. (தமிழில் எழுதும்போது தலைப்பே சாவைக் குறித்துவிடுவது தற்செயல்.) லீ வானலுடன் சேர்ந்து உருவாக்கிய குறும்படத்தைக் காட்டி வாய்ப்புப் பெற்ற அவர், 18 நாள்களில் படப்பிடிப்பை முடித்தார். பெரும்பகுதி ஒரு பாழடைந்த குளியலறையில் நிகழும் அப்படம் உலகெங்கும் 10 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டியது. பொறி அமைப்பவன் ஒரு புற்றுநோயாளி. வாழ்வின் அருமையை உணராதவர்களுக்கு அதனைக் கற்பிப்பதாக அவன் கூறிக்கொள்கிறான். கிறிஸ்டியின் நீதிபதி வேறு கோலத்தில் மீண்டுவிட்டார். அதன் பெருவெற்றிக்கு இவ்வாறுதலும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. வதைக்கப்படுபவன் ஏதேனும் குற்றம் செய்திருப்பான் என நம்பினால் பார்ப்பது எளிதாகிறது.

இதன்பின் நேர்ந்த மாற்றம் கடத்தலிலிருந்து இசைவுக்கு நகர்ந்ததாகும். 2009ஆம் ஆண்டின் பிரித்தானியப் படமான 'எக்ஸாம்' வேலை நாடி வந்த எண்மரை 80 நிமிடத் தேர்வுக்காக ஓர் அறையில் அமர்த்துகிறது. அவர்கள் தாமாகவே வந்தவர்கள். திரைப்படமன்று எனினும், ஹுவாங் டோங்-ஹியுக் இயக்கி 2021இல் வெளிவந்த கொரியத் தொடரான 'ஸ்குவிட் கேம்' இங்குக் குறிப்பிடத்தக்கது. அதில் கடனில் மூழ்கிய 456 பேர் கையொப்பமிட்டு உள்ளே செல்கின்றனர். வாக்களித்து வெளியேறியவர்களிற் பலர் மீண்டும் வருகின்றனர். பூட்டு அறையில் இல்லை, வெளியே உள்ள வாழ்க்கையில் உள்ளது என்பதை அத்தொடர் உணர்த்துகிறது.

இதற்கிடையில் புதிர் அறை திரையை விட்டு வெளியே வந்துவிட்டது. 2007ஆம் ஆண்டு கியோட்டோவில் தக்காவோ காத்தோ நடத்திய 'தப்பிக்கும் விளையாட்டு' பிற நாடுகளுக்கும் பரவியது. 2010களில் நம் வட்டாரப் பேரங்காடிகளிலும் இத்தகைய அறைகள் திறக்கப்பட்டன. அடம் ரொபிடெல் இயக்கிய 'எஸ்கேப் ரூம்' இவ்வணிகத்தையே கதைக்களமாக்கியது. 10,000 டாலர் பரிசுக்காக வரும் அறுவரும் வெவ்வேறு பேரிடர்களில் தனியொருவராய்த் தப்பியவர்கள். அவர்களுள் ஓர் இளைஞன் தன் குடும்பத்தைக் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு இழந்தவன். எல்லாவற்றுக்கும் பின்னே ஒரு மறைமுக நிறுவனமும் அதன் செல்வந்தப் பார்வையாளர்களும் உள்ளனர்.

அப்படம் 2019 ஜனவரி 4ஆம் நாள் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அதே நாளில் போலந்தின் கோஷாலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட இத்தகைய அறையொன்றுக்குச் சென்ற 15 வயதுச் சிறுமியர் ஐவர் தீவிபத்தில் சிக்கினர். அவர்களைக் கொன்றதும் கார்பன் மோனாக்சைடே. அங்கு இசைத்தட்டுக் குரல் இல்லை. நீதிபதியும் இல்லை, பார்த்து மகிழ்ந்த செல்வந்தரும் இல்லை. இருந்தவை கசிந்த எரிவாயுவும் அவசரத்தில் வெளியேற வழியற்ற கட்டடமும். வொர்த் ஒப்புக்கொண்டதற்கு இவ்வளவு நெருக்கமான நிகழ்வை 'எஸ்கேப் ரூம்' போன்ற படங்களால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. அடுத்து வந்த நாள்களில் போலந்து முழுவதும் தப்பிக்கும் அறைகள் சோதிக்கப்பட்டன. பாதுகாப்புக் குறைபாடுகளுக்காகப் பல மூடப்பட்டன.