தீம் பார்க்கில் வரிசையைத் தாண்ட கூடுதல் பணம்: எப்போது லாபம், எப்போது வீண்?

பாஸ்போர்ட் எடுத்தாச்சு, விமான டிக்கெட்டும் போட்டாச்சு. சிங்கப்பூர் வரை போய்விட்டு யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க்காமல் வருவதா என்று நான்கு டிக்கெட் புக் செய்யப் போகும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: ‘எக்ஸ்பிரஸ் பாஸும் சேர்த்துக்கொள்கிறீர்களா?’ விலையைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது. வாங்காவிட்டால் நாள் முழுக்க வரிசையிலேயே போய்விடுமோ என்று பயம். வாங்கினால் அந்தக் காசுக்கு இன்னொரு நாள் ஊர் சுற்றியிருக்கலாமே என்று உறுத்தல்.

இந்தக் கேள்வி சிங்கப்பூரோடு நிற்பதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவிலும் ‘ஃபாஸ்ட்ராக்’ என்று விலை கூடிய தனி டிக்கெட் இருக்கிறது. டிஸ்னியில் ‘லைட்னிங் லேன்’, டோக்கியோவில் ‘பிரீமியர் ஆக்சஸ்’. பெயர்தான் வேறு, விஷயம் ஒன்று. காசு கட்டினால் தனி வரிசை.

பணம் கட்டினால் என்ன கிடைக்கிறது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பாஸ் வாங்கினால் வரிசையே இருக்காது என்று அர்த்தம் இல்லை. இன்னொரு வரிசையில் நிற்பீர்கள், அது சின்னது. அவ்வளவுதான். திருமலையில் 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட் எடுத்துப் போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். டிக்கெட் கையில் இருக்கும், ஆனாலும் கூண்டுக்குள் நிற்கத்தான் வேண்டும். கூட்டமான நாட்களில் தீம் பார்க் எக்ஸ்பிரஸ் வரிசையிலும் 10, 20 நிமிடங்கள் ஆவது சகஜம்.

அடுத்தது, எத்தனை பாஸ் விற்றாலும் ரைடில் ஒரு இருக்கைகூட கூடுவதில்லை. ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு ரோலர் கோஸ்டர் மணிக்கு 800 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வரிசையில் உங்களுக்கு முன்னால் 400 பேர் நிற்கிறார்கள். பாஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் உங்கள் முறை வந்துவிடும். இப்போது இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் நிற்கும் ஊழியர், பாஸ் வரிசையிலிருந்து மூன்று பேர், சாதாரண வரிசையிலிருந்து ஒருவர் என்று அனுப்பினால்? சாதாரண வரிசைக்கு மணிக்கு 200 இடம்தான். அதே 400 பேர் நகர இரண்டு மணி நேரம் ஆகும்.

அதாவது பாஸ்காரருக்கு மிச்சமாகும் நேரம் பக்கத்து வரிசையில் நிற்பவரிடமிருந்து வருகிறது. கூட்டம் கூடக் கூட பாஸ் வாங்குபவர்களும் கூடுவார்கள், சாதாரண வரிசை இன்னும் மெதுவாகும், அதைப் பார்த்து இன்னும் சிலர் பாஸ் வாங்குவார்கள். குழந்தையோடு ஒன்றரை மணி நேரமாக நிற்கும்போது பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே நடந்து போனால் வரும் எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அன்றைக்கு மட்டும் நீங்கள் பாஸ் வாங்காமல் இருப்பதால் அந்த வரிசை வேகமாகிவிடப் போவதும் இல்லை.

ஒரு காலத்தில் இலவசம்

இந்த வசதி காசுக்காகத் தொடங்கியதே இல்லை என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1999-ல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ வந்தபோது அது எல்லோருக்கும் இலவசம். நுழைவு டிக்கெட்டை மெஷினில் போட்டால் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒரு சீட்டு வரும். அதுவரை சாப்பிடலாம், கடைகளைச் சுற்றலாம். வரிசையில் நிற்பவர் பர்ஸைத் திறக்க மாட்டார், சுற்றித் திரிபவர் திறப்பார் என்பது பார்க்குக்கும் வசதி. ஆனால் பலர் சீட்டை வாங்கிக்கொண்டு நேராகப் போய் இன்னொரு ரைடின் வரிசையில் நின்றார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில்!

2020-ல் கொரோனாவுக்காகப் பார்க்குகள் மூடப்பட்டதோடு அந்த இலவசமும் போனது. 2021 அக்டோபரில் ‘ஜீனி பிளஸ்’ என்று திரும்பி வந்தபோது புளோரிடாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர், அதே ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியாவுக்கு வந்தபோது 20 டாலர். பிறகு நாளுக்கு ஒரு விலை என்றானது. 2024 ஜூலையில் அதன் பெயர் ‘லைட்னிங் லேன் மல்டி பாஸ்’ என்று மாறியது. அதிலும் ‘ட்ரான்’ போன்ற கிராக்கியான ரைடுகள் அடங்காது, அவற்றுக்குத் தனியாக ‘சிங்கிள் பாஸ்’ வாங்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் நேரம் எதுவும் புக் செய்யாமல் நினைத்தபோது நுழையும் ‘பிரீமியர் பாஸ்’ வந்தது. மேஜிக் கிங்டம் பார்க்கில் அறிமுகத்தின்போதே அதன் விலை ஒருவருக்கு 329 முதல் 449 டாலர் வரை, அதுவும் ஒரே நாளைக்கு. நுழைவுக் கட்டணம் தனி. உச்ச விலை நாளில் நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் பாஸுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் ரூபாய் தாண்டும்.

ஜப்பானில் கதை கொஞ்சம் வேறு. டோக்கியோ டிஸ்னியில் 2022 முதல் ஒரு ரைடுக்கு இவ்வளவு யென் என்று தனித்தனியாக வாங்கலாம். பிடித்த ஒன்றிரண்டு ரைடுகளுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்பது குடும்பங்களுக்குச் சாதகமான முறை. கூடவே 2023-ல் சில ரைடுகளுக்கு இலவச ‘பிரயாரிட்டி பாஸ்’ முறையையும் கொண்டுவந்தார்கள்.

எந்த நாளில் போகிறீர்கள்?

பாஸ் லாபமா நஷ்டமா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது தேதிதான். இங்கேதான் நம்மவர்கள் பலர் தவறு செய்கிறார்கள். நமக்கு லீவு என்றால் அங்கேயும் லீவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூர் பள்ளிகளுக்கு மே மாதக் கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில்தான் ஒரு மாத விடுமுறை ஆரம்பிக்கும். நவம்பர் பின்பாதி முதல் டிசம்பர் முடியும் வரை பெரிய லீவு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். அதனால் மே முதல் இரண்டு, மூன்று வாரங்களில் செவ்வாய், புதன் போன்ற நாட்களில் போனால் உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் இருக்காது. அதே பயணத்தை ஜூனுக்கோ கிறிஸ்துமஸ் வாரத்துக்கோ தள்ளினால் நிலைமை தலைகீழ். சீனப் புத்தாண்டு நாட்களும் அப்படித்தான்.

சென்னைப் பக்கம் என்றால் காணும் பொங்கல், ஆயுத பூஜை தொடர் விடுமுறை, அரையாண்டு லீவு, மே மாத ஞாயிறுகளைச் சொல்லவே வேண்டாம். வார நாள் என்பதால் மட்டும் கூட்டம் இருக்காது என்று நம்பிவிடவும் கூடாது. சுற்றுலா சீசனில் பள்ளி, கல்லூரி பஸ்கள் வரிசையாக வந்து நிற்பது வார நாட்களில்தான்.

கூட்டத்தை ஊகிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பெரிய பார்க்குகளின் ஆப்பில் ஒவ்வொரு ரைடுக்கும் இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்று நேரலையாகக் காட்டுவார்கள். நீங்கள் போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு, அதே கிழமையில், வீட்டிலிருந்தபடியே காலை 11 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் ஒருமுறை திறந்து பாருங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

பாஸ் விலையை மட்டும் பார்த்தால் முடிவெடுக்க முடியாது. மிச்சமாகும் நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். கணக்குக்காக, பாஸ் ஒருவருக்கு 4,000 ரூபாய், நான்கு பேருக்கு 16,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டமான நாளில் ஆறு ரைடுகளில் தலா 50 நிமிடம் மிச்சமானால் மொத்தம் ஐந்து மணி நேரம். மணிக்கு 3,200 ரூபாய். கூட்டமில்லாத நாளில் தலா 10 நிமிடம்தான் மிச்சம் என்றால் மொத்தமே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தது 16,000 ரூபாய்!

கூட்டமில்லாத நாளில் பாஸ் விலையும் குறைவாகத்தான் இருக்கும், உண்மை. ஆனால் மிச்சமாகும் நேரம் குறைகிற வேகத்துக்கு விலை குறையாது. மலிவாகக் கிடைக்கும் நாளில் பாஸ் தேவைப்படாது, தேவைப்படும் நாளில் மலிவாகக் கிடைக்காது.

இந்தக் கணக்கில் ஆறு ரைடு என்பது பார்க்கில் இருப்பதல்ல, உங்கள் குடும்பம் நிஜமாகவே ஏறப்போவது. பாஸ் எந்தெந்த ரைடுகளுக்குச் செல்லும் என்ற பட்டியலை எடுத்து, வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டு டிக் அடித்துப் பாருங்கள். பல வீடுகளில் அந்தப் பட்டியல் மூன்று ரைடில் முடிந்துவிடும். பாட்டிக்கும் சேர்த்து எக்ஸ்பிரஸ் வாங்கிவிட்டு, அவர் பெஞ்சில் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன பிரயோஜனம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கப்பூர் யுனிவர்சலில் சாதாரண எக்ஸ்பிரஸ் என்றால் ஒரு ரைடுக்கு ஒரு தடவைதான். திரும்பத் திரும்ப ஏற ‘அன்லிமிடெட்’ என்று விலை கூடியது இருக்கிறது. ஒரே ரைடில் நாலு முறை ஏற ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இல்லை என்றால் அது தேவையில்லை. இரண்டிலுமே நுழைவு டிக்கெட் சேர்த்தி கிடையாது, அதைத் தனியாக வாங்க வேண்டும்.

முதலில் ஸ்கேல், பிறகு கார்டு

குழந்தையோடு போகிறவர்கள் பாஸ் விலையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். சிங்கப்பூரில் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி’ ரைடுக்கு 122 செ.மீ. வேண்டும். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ கோஸ்டர்களுக்கு 125 செ.மீ. ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ரைடுக்கு 102 செ.மீ. போதும், ஆனால் 122 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பெரியவர் யாராவது கூட ஏற வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளில் பலர் 122 செ.மீ. இருக்க மாட்டார்கள். அதாவது நீண்ட வரிசை நிற்கும் பெரிய ரைடுகளிலேயே அந்தக் குழந்தைக்கு அனுமதி இல்லை. பாஸ் வாங்கியிருந்தாலும் ரைடு வாசலில் அளவுகோலை வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழுகையைச் சமாளிப்பது தனி வேலை.

இப்படிப்பட்ட பெற்றோருக்காகவே டிஸ்னி, யுனிவர்சல் பார்க்குகளில் ஒரு ஏற்பாடு உண்டு. அப்பா ரைடில் ஏறும்போது அம்மா குழந்தையோடு காத்திருப்பார். அப்பா வந்ததும் அம்மா மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். இதற்குக் காசு கிடையாது. வாசலில் இருக்கும் ஊழியரிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்காதவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

காசில்லாமல் வரிசையைக் குறைக்க

‘சிங்கிள் ரைடர்’ வரிசையும் இலவசம்தான். நான்கு பேர் அமரும் வரிசையில் மூன்று பேர் குடும்பம் உட்கார்ந்தால் ஒரு இடம் காலி. அதை நிரப்பத் தனி ஆட்களை அனுப்புவார்கள். சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போன்ற சில ரைடுகளில் இது உண்டு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான் குறை. கல்லூரி நண்பர்களாகப் போகிறவர்களுக்கு இது இருக்கும்போது எக்ஸ்பிரஸுக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் வீண் செலவு.

எல்லாவற்றையும்விட பலன் தருவது காலையில் சீக்கிரம் போவது. கேட் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போய் நின்று, முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் அதிகமாகும் இரண்டு, மூன்று ரைடுகளை முடித்துவிட்டால் பாஸின் பாதி வேலை அங்கேயே முடிந்தது. வாசலில் உள்ள உருண்டை முன்னால் போட்டோ எடுப்பதை மாலைக்குத் தள்ளிவைக்கலாம். சிங்கப்பூரில் 2025 பிப்ரவரியில் திறந்த ‘மினியன் லேண்ட்’ போல, புதிய பகுதிகளில்தான் கூட்டம் முதலில் குவியும்.

சரி, இத்தனைக்கும் பிறகு யாருக்குத்தான் பாஸ்? பார்க்குக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும், அதுவும் லீவு நாளில், பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள், எல்லா ரைடிலும் ஏறியே தீருவோம் என்கிறார்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். பல லட்சம் செலவழித்துப் போய்விட்டு மூன்றே ரைடோடு திரும்புவதைவிட அது மேல். நீண்ட நேரம் நிற்க முடியாத பெரியவர்கள் ரைடுகளில் ஏற ஆசைப்பட்டாலும் அப்படியே. ஆனால் உள்ளூர் பார்க்குக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஃபாஸ்ட்ராக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்துவைத்தால் கூட்டமில்லாத இன்னொரு நாளில் மறுபடி போய் வரலாம். சென்னைக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது, ஒரு நாள் டூரில் வரும் தென்மாவட்டக் குடும்பத்துக்கு இல்லை.

இன்னமும் குழப்பமா? முன்கூட்டியே வாங்காமல் போய், 11 மணி வரை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். டிஸ்னியில் ஆப்பிலும், சிங்கப்பூர் யுனிவர்சலில் பார்க்குக்கு உள்ளேயும் அன்றைக்கே பாஸ் கிடைக்கும். இருப்பு முடிந்துவிடும் அபாயம் உண்டு என்பதால் பண்டிகை வாரத்தில் மட்டும் இந்த ரிஸ்க் வேண்டாம். இப்படிக் காத்திருப்பதில் இன்னொரு வசதி, வானத்தையும் பார்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வருவது வழக்கம். மின்னல் வெட்டினால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். சென்னையில் நவம்பர் மழைக்கும் இது பொருந்தும். அப்படி ரைடு நின்றால் பாஸுக்குப் பணம் திரும்ப வருமா என்ற விதியைக் கார்டைத் தேய்ப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள், பெரும்பாலும் வராது.