எங்கள் என்னும் சொல்: தமிழ்க் கிறித்தவரின் மன்றாட்டு மொழி வரலாறு

செலாயாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மாலைச் செபத்தில் அமரும் வாய்ப்பு ஒருமுறை நமக்குக் கிட்டியது. பாட்டி கடவுளை ‘நீர்’ என்று விளித்தார். மகள் ‘நீங்க’ என்றார். பேரன் ஆங்கிலத்தில் வேண்டினான். ஒரே பாயில் மூன்று தலைமுறையினர், ஒரே கடவுளை மூன்று சொல்லால் அழைத்தனர். இறைவனோடு நெருங்கி வாழ்வது சமயத்தார் பேசும் பொருள். ஆயினும் அந்நெருக்கம் எச்சொல்லில் குடியிருந்தது, அச்சொல் எவ்வழியாக நம்மிடம் வந்தது என்னும் வினா மொழியியலாரையும் சேரும். அவ்வினாவையே இவ்வுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

தமிழ் அச்சின் வரலாறே மன்றாட்டில்தான் தொடங்குகிறது. 1554இல் லிசுபனில் ரோமன் எழுத்தில் தமிழைப் பொறித்து ஒரு மறைக்கல்விச் சுவடி வெளிவந்தது. 1578இல் கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே, ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலை என்றீக்கே என்றீக்கசு அடிகளார் அச்சேற்றினார். மறுநூற்றாண்டில் வந்திருக்கக்கூடிய பெருங்காப்பியமோ இலக்கணமோ அன்று முதலில் அச்சேறவில்லை. முத்துக்குளித்துறை மக்கள் நாள்தோறும் சொல்லவேண்டிய செபங்களே அச்சேறின. நூலின் பெயரில் நிற்கும் ‘தம்பிரான்’ சைவ வழக்கில் ஊறிய சொல் என்பதையும் நினைவிற்கொள்க. புதிய நம்பிக்கை பழைய வீட்டுச் சொல்லைக் கொண்டே வாயில் கடந்தது.

கடவுளின் பெயரைத் தெரிவதில் பின்வந்தோர் ஒருமித்திலர். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, 1715இல் நிறைவுற அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் ‘சருவேசுரன்’ என்றார். அதே நூற்றாண்டின் பிற்பாதியில் பெப்ரிசியசு ‘பராபரன்’ என்பதை ஏற்றார். 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் ‘தேவன்’ என்பதை நிலைநாட்டியது. 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய சொல்லில் செபித்துப் பழகிய நாவுகள் தயங்கின. அத்தயக்கத்தைப் பழமைப் பிடிவாதம் என்று மட்டும் தள்ளிவிடலாகாது. தாய் மடியில் கேட்ட பெயரை மாற்றச் சொன்னால் எவருக்கும் மனம் ஒருகணம் நிற்கும்.

பெயர் மாறினும் மாறாத ஒன்று உண்டு. அது ‘எங்கள்’ என்னும் சொல். பரமண்டல செபத்தில் பழைய மொழிபெயர்ப்பு ‘பிதாவே’ என்று விளிக்க, 1995ஆம் ஆண்டுப் பதிப்பு ‘தந்தையே’ என்கிறது. இரண்டும் அதற்குமுன் ‘எங்கள்’ என்றே நிறுத்துகின்றன. ‘நம்’ என்று சொல்வதில்லை. காரணம் இலக்கணத்தில் உள்ளது. கேட்போனை உளப்படுத்துவது ‘நாம்’. கேட்போனை நீக்கிப் பேசுவது ‘நாங்கள்’. போர்த்துக்கீசியத்திலும் செருமானியத்திலும் ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு இல்லை. மூன்றிலும் தன்மைப் பன்மை ஒன்றே. நம் அண்டை மொழியான மலாயில் உண்டு. ‘கீத்தா’ என்பது நாம். ‘காமி’ என்பது நாங்கள். ஆகவே மலாய்க் கிறித்தவரும் இச்செபத்தைக் ‘காமி’ என்றே சொல்கின்றனர்.

இவ்விலக்கணத்தின் விளைவை நோக்குக. மறையுரையாளர் மக்களைப் பார்த்து ‘நம் ஆண்டவர்’ என்கிறார். அவரே கண்மூடியதும் ‘எங்கள் ஆண்டவரே’ என்கிறார். நம் என்றபோது இறைவன் பேசப்படும் படர்க்கை. எங்கள் என்றபோது எதிரே அமர்ந்து கேட்கும் முன்னிலை. நீக்கும் சொல்போல் தோன்றும் ஒன்றே அவரை அறைக்குள் கொண்டுவருகிறது. இறைவனைப் பற்றிப் பேசுவதிலிருந்து இறைவனோடு பேசுவதற்குக் கடக்கும் அடியைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

‘நீர்’ என்பதன் வரலாறும் இதனோடு சேர்ந்தது. ‘நீயிர்’, ‘நீவிர்’, ‘நீர்’ ஆகியவற்றை நன்னூல் முன்னிலைப் பன்மையாகக் கொள்கிறது. காலப்போக்கில் பன்மை ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாயிற்று. பின் ‘நீங்கள்’ அவ்விடத்தைக் கைப்பற்றியது. நெல்லை போன்ற சில வட்டார வழக்குகளில் தவிர, அன்றாடப் பேச்சில் ‘நீர்’ பெரும்பாலும் அருகிவிட்டது. செபத்தில் உயிரோடிருக்கிறது. திருமுறையும் பாசுரங்களும் இறைவனை ‘நீ’ என்றும் உரிமையோடு அழைத்தன. ‘நீர்’ அத்துணை உரிமையும் அன்று, ‘தாங்கள்’ என்பதன் தொலைவும் அன்று. இடையில் நின்ற சொல்.

அதனோடு ‘அப்பா’ சேரும்போது ஒரு வியப்பு நேர்கிறது. புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் அரமேய மொழியின் தந்தைச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கிறது. தமிழில் அதை எழுதினால் ‘அப்பா’ என்றே வருகிறது. இரு மொழிகளுக்கும் இதனால் உறவு கற்பித்தல் தகாது. குழந்தை எளிதில் ஒலிக்கும் ஒலிகளிலிருந்து பல மொழிகளில் பெற்றோர் பெயர்கள் பிறந்துள்ளன. ஆயினும் அதைப் படிக்கும் தமிழருக்கு அயற்சொல் வீட்டுச் சொல்லாகிவிடுகிறது. ‘அப்பா, உமக்கு நன்றி’ என்று இன்று சபைகளில் கேட்கிறோம். எந்தப் பிள்ளையும் தன் தந்தையை ‘உமக்கு’ என்பதில்லை. உறவும் வணக்கமும் ஒரே தொடரில் இணைந்த இவ்வழக்கு செபத்துக்கே உரியது.

இம்மொழியே கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. இரப்பர்த் தோட்ட லயன் வீடுகளிலும் பிரிக்பீல்ட்சு இரயில்வே குடியிருப்புகளிலும் குடியேறியோர் வேதாகமத்தையும் பாமாலையையும் கீர்த்தனைகளையும் உடன்கொணர்ந்தனர். 1924இல் எழுந்த பிரிக்பீல்ட்சு சீயோன் லுத்தரன் ஆலயம் அக்குடியேற்றத்தின் கல் சான்று. மெதடிசுடுத் திருச்சபையில் தமிழுக்கெனத் தனி ஆண்டுப் பேரவை உண்டு. கத்தோலிக்க வழிபாட்டிலோ இலத்தீன் நீடித்தது. இரண்டாம் வத்திக்கான் பேரவை 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டுக்குப் பின்னரே பலிபீடத்தில் தமிழ் ஏறியது. அதுவரை தமிழ் எங்கிருந்தது? வீட்டில், செபமாலையில், பாட்டியர் நாவில். ஆலயம் ஏற்காத காலத்திலும் அடுக்களை அம்மொழியைக் காத்தது.

இன்று நிலை தலைகீழ். ஆலயத்தில் தமிழ் வழிபாடு நடக்கிறது. வீட்டில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செபிக்கின்றனர். கடவுளுக்குத் தமிழ் தெரியாமற் போகாது. ஆங்கிலமும் புரியாமற் போகாது. ஆகவே பேரனின் செபம் குறைந்தது என்று நாம் சொல்லமாட்டோம். குறைவது வேறொன்று. பாட்டியின் செபத்தைப் பேரன் பின்தொடர முடியாதபோது, அவர் எவ்வாறு நம்பினார், எதற்கு அஞ்சினார், யாருக்காக அழுதார் என்பது அவனுக்கு எட்டாமற் போகிறது. மன்றாட்டு கடவுளோடு பேசுவது. பக்கத்தில் இருப்போர் கேட்க அவரோடு பேசுவதும் ஆகும். நானூற்றைம்பது ஆண்டுகளாக நம்பிக்கை கைமாறியது அக்கேள்வியால்தான்.

அன்று மாலை செபம் முடியும்போது பாட்டி பேரனின் தேர்வுக்காக வேண்டினார். பெயரை மட்டும் புரிந்துகொண்ட சிறுவன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். ‘பாட்டி என்ன கேட்டாங்க?’ என்று தாயிடம் வினவினான். தாய் மொழிபெயர்த்துச் சொன்னார். ‘எங்கள்’ என்பதற்கு மட்டும் அவருக்கு ஆங்கிலச் சொல் அகப்படவில்லை. தமிழிலேயே சொல்லி விளக்கினார். வீட்டுச் செபத்தில் நாளொன்றுக்கு ஒரு சொல்லை இவ்வாறு பொருளோடு கைமாற்றினால் போதும் என்று நமக்குத் தோன்றியது. அச்சிறுவனுக்கு அன்று வாய்த்த முதற்சொல் ‘எங்கள்’.