கொடியின் நிறமும் அளவுகோலும்

நம் மேல்மலையனூர் வட்டாரத்தார் நன்கறிந்த செஞ்சிக் கோட்டை, பல கொடிகளைக் கண்ட கோட்டையாகும். 1677இல் சிவாஜியும், 1698இல் முகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி எவருடையது என்பதைத் தொலைவில் நிற்பவனுக்கு உணர்த்துவது கொடியின் நிறமே. அந்நாளில் அந்நிறத்திற்குச் சாயமிடுவோரின் கண்ணும் கைப்பக்குவமுமே அளவு.

விடுதலை பெறவிருந்த இந்தியாவின் கொடியை வகுக்க 1947 ஜூன் திங்களில் டாக்டர் இராசேந்திர பிரசாத் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மௌலானா ஆசாத், சரோஜினி நாயுடு, இராஜாஜி, கே. எம். முன்ஷி ஆகியோருடன் அண்ணல் அம்பேத்கரும் அக்குழுவில் உறுப்பினராக வீற்றிருந்தார். நம் இளைஞருள் பலர் இதனை அறியார். 1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றுக்கொண்டது. ஆழ்ந்த காவி, வெண்மை, கரும்பச்சை. நடுவே சாரநாத்து அசோகச் சக்கரம், கடற்படை நீலத்தில்.

ஆயின், சொல் மட்டும் நிறத்தைக் காக்குமோ? 'ஆழ்ந்த காவி' என்றால் ஒரு பட்டறையில் செம்மை மிகும். மற்றொன்றில் மஞ்சள் மிகும். ஒரே சாயமும் துணியின் தன்மைக்கும் ஊறும் நேரத்திற்கும் ஏற்ப வேறுபடும். எனவே, இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1951இல் கொடிக்கென ஒரு தரத்தை வகுத்தது. அந்நிறுவனத்தின் வரிசையில் முதல் எண் பெற்றதும் அதுவே. 1964இல் அது மெட்ரிக் அளவுக்கு மாற்றப்பட்டது. நிறத்தின் சாயலை இரண்டு எண்களாலும், ஒளிர்வை ஓர் எண்ணாலும் அது குறிக்கிறது. காவியின் சாயல் 0.538, 0.360, ஒளிர்வு 21.5. வெண்மையின் ஒளிர்வு 72.6, பச்சையினுடையது 8.9 மட்டுமே. நெய்தவர் எவராயினும், சாயமிட்டவர் எவராயினும், எண் ஒன்றே.

இவ்வாறு நிறத்திற்குப் பொது அளவுகோல் கண்ட நாட்டில், கொடியேற்றும் கைக்கு மட்டும் வேறு அளவுகோல் நிலவியது. தமிழ்நாட்டின் சில ஊராட்சிகளில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட சமுதாயத் தலைவர்கள் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டனர். பாகுபாடின்றி அவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு 2022 ஆகஸ்டில் மாநிலத் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத நேர்ந்தது.

இளைஞர்களே! கொடியை வகுத்த குழுவில் நம் அண்ணல் இருந்தார். அதனை ஏற்றும் உரிமை எவரும் நமக்கு வழங்கும் சலுகையன்று. இதனைக் கற்றுணர்வீர், பிறர்க்கும் எடுத்துரைப்பீர்!