விலையே வடிவமைத்த கருவி: டைனாபுக் முதல் ஆகாஷ் வரை

கையடக்கக் கணினியைக் கற்றல் கருவியாக முதலில் விரிவாக எண்ணிப் பார்த்தவர் ஆலன் கே. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய அவர், 1972இல் ‘டைனாபுக்’ பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டார். அப்படியொரு கருவியைச் செய்யும் தொழில்நுட்பம் அன்று இல்லை. கட்டுரையிலோ இரண்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் பூங்காப் புல்தரையில் படுத்தபடி, தத்தம் டைனாபுக்கில் விண்கலச் சண்டை விளையாடுகிறார்கள். ஆட்டத்தில் சூரியனின் ஈர்ப்பு விசையும் இருக்க வேண்டும் என்று தோன்றியதும் நிரலையே மாற்ற முனைகிறார்கள். பிள்ளை நிரல் எழுதும், அதன் வழியே இயற்பியல் கற்கும் என்பதே கேயின் கருத்து. கல்வியாளர் சீமோர் பேப்பர்ட், லோகோ நிரல்மொழியில் பிள்ளைகளுக்கு நடத்திய வகுப்புகளை நேரில் பார்த்ததன் தாக்கம் அது. விலையைப் பற்றியும் அவர் பேசினார். ஆனால் அது இரண்டாம் இடத்தில்தான் இருந்தது.

வளரும் நாடுகளுக்கு வந்தபோது இந்த வரிசை தலைகீழானது. பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் உருவாக்கிய சிம்ப்யூட்டர், சுமார் 9,000 ரூபாயை இலக்காகக் கொண்டது. ஆளுக்கொன்று வாங்க முடியாதவர்களும் ஸ்மார்ட் கார்டைச் செருகி ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அதன் அழகான தீர்வு. எனினும் அது பெரிய அளவில் விற்கவில்லை. எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005இல் அறிவித்த நூறு டாலர் மடிக்கணினியோ, சந்தைக்கு வந்தபோது ஏறத்தாழ இருமடங்கு விலையில் நின்றது.

விலையை முன்னிறுத்தும் இந்தப் போக்கின் உச்சம், இந்திய அரசின் ஆகாஷ். 2011 அக்டோபர் 5 அன்று அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் வெளியிட்ட இந்த ஏழு அங்குலக் கருவியை, டேட்டாவிண்ட் நிறுவனத்திடமிருந்து அரசு 2,276 ரூபாய்க்கு வாங்கியது. முதல் நோக்கம் கல்லூரி மாணவர்கள்; பள்ளிகள் பிறகு. அந்த விலைக்குள் அடங்கியவை 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்.பி. நினைவகம், அழுத்தினால் மட்டுமே உணரும் தொடுதிரை. இவ்வகைத் திரையில் இரு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் விரல் பட்டது பதிவாகும். பக்கம் புரட்டக்கூட அழுத்தித் தேய்க்க வேண்டும். மின்கலம் சீக்கிரம் தீர்ந்தது. சோதனை அளவுகோல்கள் பற்றி, திட்டத்தை நடத்திய ஐ.ஐ.டி. ராஜஸ்தானுக்கும் டேட்டாவிண்ட் நிறுவனத்துக்கும் பிணக்கு மூண்டு, திட்டம் ஐ.ஐ.டி. பம்பாய்க்குப் போனது. 2012இல் வந்த இரண்டாம் பதிப்பில் திரையும் செயலியும் மேம்பட்டிருந்தன. ஆனால் முதல் பதிப்பு கெடுத்த பெயரை அது மீட்கவில்லை.

மலிவுதான் கற்றலுக்குத் தடை என்றும் சொல்லிவிட முடியாது. நெக்ரோபான்டேயின் அதே மடிக்கணினியை உருகுவே, 2007இல் தொடங்கிய செய்பால் திட்டத்தில் இணைய இணைப்போடும் பராமரிப்போடும் சேர்த்து அளித்தது. திட்டம் இன்றும் நீடிக்கிறது. பெருவில் அதே கருவி லட்சக்கணக்கில் போனது. 2012இல் வெளியான அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வு, அங்கு கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் தேர்வு மதிப்பெண் உயரவில்லை என்று கண்டது. பணம் இருந்தால் போதும் என்பவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸைப் பார்க்கலாம்: 2013இல் பள்ளிகளுக்கு ஐபேட் வழங்கத் தொடங்கியதும், சில நாட்களிலேயே மாணவர்கள் கட்டுப்பாடுகளைக் கழற்றிவிட்டார்கள், அடுத்த ஆண்டே ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

விலையைவிடப் பயன்பாடே முக்கியம் என்ற இந்தப் பாடம் தமிழகத்துக்கும் பொருந்தும். இங்கு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், மாணவர்களின் கற்றல் நிலையை ஆசிரியர்கள் செயலியில் பதிவுசெய்தனர். 2024இல் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கே கையடக்கக் கணினிகள் வழங்கும் திட்டம் வந்தது. ஆகாஷ் போல மாணவரை நோக்கிய திட்டமல்ல இது. பதிவேட்டு வேலைக்கும் பாடம் நடத்துவதற்கும் அக்கருவியில் தனித்தனியே எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதைக் கல்வித்துறை அளந்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.