கரிசல் நாட்டுச் சபைகளும் அஞ்சல் ஊழியரும்

சபையின் அடக்கப் பதிவேட்டிலே ‘தொழில்’ என்னும் கட்டத்தில் ‘ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்’ என்று எழுதிக் கையொப்பமிடுவது போதகராகிய நமக்குப் பழகிப்போன காரியம். அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்பும் பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிடும். அரசுப் பணியில் உண்மையாயிருந்தார், ஆலயத்துக்குத் தவறாமல் வந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இம்மூன்றும் மெய்யே. ஆயினும் தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாறு இதற்குள் அடங்கிவிடுமா? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்னிட்டு இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

இது மழையை நம்பிய மண். கண்மாய் பெருகினால் விளைச்சல், பொய்த்தால் பஞ்சம். திருச்சுழி என்றதும் உலகம் 1879இல் அங்குப் பிறந்த ரமணரை நினைக்கிறது. (அவரும் மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவரே என்பதை நம்மவர் பலர் அறியார்.) 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் பின்னர் இத்திசை நோக்கி வந்து மண்டபசாலையை ஒரு நிலையமாக்கிற்று. மிஷனரி நிலையத்தில் இருந்தார். சிற்றூர்ச் சபைகளைத் தாங்கியவர்களோ ஆசிரியரும் உபதேசியாருமே.

இவ்விடத்தில்தான் சபை வரலாறும் அஞ்சல் வரலாறும் ஒன்றையொன்று தொடுகின்றன. 1854இல் தூரம் எதுவாயினும் எடைக்கேற்ற ஒரே கட்டணம் என்ற ஒழுங்கு இந்தியா முழுவதற்கும் வந்தது. 1880இல் பணவிடைத்தாளும் 1882இல் சேமிப்பு வங்கியும் அஞ்சலகத்தைச் சேர்ந்தன. ஆனால் ஒவ்வொரு சிற்றூருக்கும் முழுநேர ஊழியரை அமர்த்தத் துறையால் இயலவில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்வாசியிடம், சிறப்பாகப் பள்ளி ஆசிரியரிடம், சிறிய படிக்குக் கிளை அஞ்சலகத்தை ஒப்படைத்தது. பள்ளி இருந்த இடத்தில் ஆசிரியர் இருந்தார். மிஷன் முந்திச் சென்ற ஊர்களில் அந்த ஆசிரியர் நம் சபையாராயிருக்க வாய்ப்பு மிகுதி.

அவர் கையாண்டது வெறும் காகிதமன்று. இராமநாதபுரச் சீமையின் ஏழைகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் ‘போட் மெயில்’ தனுஷ்கோடி வழியாக இலங்கைத் தபாலைக் கொண்டுவந்தது. அனுப்பிய மகனுக்கும் எழுதத் தெரியாது, பெறும் தாய்க்கும் வாசிக்கத் தெரியாது என்றால், யாரோ எழுதிய கடிதத்தை யாரோ வாசிக்க வேண்டும். பணவிடைத்தாளில் பெறுபவர் இடது பெருவிரல் ரேகை வைப்பார்; எழுத்தறிந்த ஒருவர் சாட்சிக் கையொப்பமிடுவார். எந்த வீட்டுக்குப் பணம் வந்தது, எந்த வீட்டுக்கு ஆறு மாதமாய் வரவில்லை, எந்த மகன் அங்கே வேறு குடும்பம் வைத்தான் என்பதெல்லாம் போதகருக்கு முன்னே அவருக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லாதிருப்பது அவர் தொழிலின் சட்டம். பாவ அறிக்கையின் இரகசியம் பற்றி நாம் வகுப்பில் கற்கிறோம். அவர் அதை வேப்பமரத்தடியில் கற்றார்.

வேதத்தை வாசிக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றலாகாது. ரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கொண்டுசென்றவர் பெபேயாள் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கொலோசெயருக்குத் தீகிக்கு. எழுதிய தெர்தியு ஒரே வசனத்தில் தலைகாட்டி மறைந்துவிடுகிறான்.

இனிக் காலக்கணக்கைப் பார்ப்போம். 1926இல் பிறந்து அஞ்சல் துறையில் சேர்ந்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். 1946 ஜூலையில் அஞ்சல் ஊழியர் அகில இந்திய வேலைநிறுத்தம் செய்தபோது அவருக்கு இருபது வயது. மறு ஆண்டு தேச விடுதலை. செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இமானுவேல் சேகரன் பரமக்குடியில் கொலையுண்டார், முதுகுளத்தூர்ப் பகுதியில் கலவரம் மூண்டது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1972இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது, இவ்வட்டாரத்துக்கு 626. அக்காலத்து விதிப்படி ஐம்பத்தெட்டு வயதில், 1984இல் ஓய்வு. 2013 ஜூலையில் தந்தி நிறுத்தப்பட்டபோது அவருக்கு வயது எண்பத்தேழு.

இவற்றுள் 1957ஐ நாம் எளிதில் தாண்டிவிடலாகாது. சாதி வரம்பு தெருவுக்குத் தெரு எழுதப்பட்டிருந்த நாட்டில் முகவரி என்பது சாதாரணச் சொல் அன்று. சேரிக்கு வந்த கடிதம் வீட்டு வாசலுக்கே போயிற்றா, ஊர் எல்லையில் கூப்பிட்டுக் கொடுக்கப்பட்டதா? தபால்காரரே தலித் கிறிஸ்தவராயிருந்தால், அவர் எந்தத் திண்ணையில் ஏறலாம், எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம்? அவர் அணிந்த காக்கிச் சட்டை எத்தனை வாசல்களைத் திறந்தது? ஞாயிறு தோறும் அதே மனிதர் நம் ஆலயத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை அஞ்சல் துறையின் ஆவணங்களில் இராது. நம் பதிவேடுகளிலும் இல்லை. அவர் உயிரோடிருக்கையில் அவரிடமே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

மற்றொன்றும் உண்டு. ‘ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்’ என்ற சொல் இருவகையாரை ஒன்றாக்கிவிடுகிறது. துறை ஊழியர் ஓய்வூதியம் பெற்றார். கிளை அஞ்சலகத்தை நடத்திய புறநிலை ஊழியரோ அறுபத்தைந்து வயதுவரை உழைத்தும் அவ்வகை ஓய்வூதியம் பெறவில்லை. அவர்களும் அரசின் குடிமைப் பணியிலிருப்போரே என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. 2001இல் ‘கிராமிய அஞ்சல் ஊழியர்’ என்று பெயரும் மாறிற்று. முதிர்வயதில் ஒருவர் காணிக்கைத் தட்டில் இட்ட தொகை, ஓய்வூதியத்திலிருந்து வந்ததா, மருமகளின் தீப்பெட்டி ஒட்டும் கூலியிலிருந்து வந்ததா என்பது சபைக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சான்றுகள் இன்னும் சில வீடுகளில் கிடைக்கும். தகரப்பெட்டியில் நியமன உத்தரவு, இடமாற்ற ஆணைகள், சேமிப்புப் புத்தகம், தொழிற்சங்கச் சந்தா ரசீது, ஞானஸ்நானச் சான்று ஆகியவை ஒரே கட்டாய்க் கட்டப்பட்டிருப்பது உண்டு. அடக்கம் முடிந்து வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர் வியாபாரிக்கு முதலில் போவது அந்தக் கட்டுதான். போதகர் துக்கம் விசாரிக்கப் போகும் முதல் வாரத்திலேயே அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நலம்.